ஆடிக் காற்றும் ஹெல்மெட்டும் நம் பிள்ளைகளின் காதுகளும்

(வாலிபர் ஐக்கியக் கூட்டத்தில் பெற்றோர்களும் கூடியிருந்தபோது ஆற்றிய உரை)

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் காதுகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். மருத்துவமனைப் போதகர்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். படுக்கை படுக்கையாய்ச் சென்று மெல்லிய குரலில் பேசுவதே எங்கள் ஊழியம். ஆகவே ஒருவருடைய காது மந்தமாகிவிட்டதை அவருடைய வீட்டாருக்கும் முன்னே நாங்கள் கண்டுகொள்வதுண்டு. அநேகர் வெட்கப்பட்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார்கள். நூல் வியாபாரத்திற்காகப் பல்லடம், தாராபுரம், கோவை என்று இருபது வருஷத்துக்கு மேலாக வண்டியிலேயே அலைந்த ஒருவர் மாத்திரம் ஒளிக்காமல் சொன்னார்: "ஐயரே, நீங்க பேசறது கேக்குதுங்க. என்ன சொல்றீங்கன்னுதான் புரியலைங்க."

சத்தத்தினால் காது கெடுகிற விதத்தை அவர் அந்த ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நம் உட்காதில் நத்தைக் கூடு போன்ற ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. அதற்குள்ளே ஏறக்குறைய 15,000 மயிரணுக்கள் உண்டு. பெருஞ்சத்தத்தில் முதலாவது சாகிறவை 4,000 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள கூரிய ஒலிகளை வாங்குகிற அணுக்களே. ஆகவே குரலின் கனம் கேட்கும். ச, த போன்ற மெய்யொலிகள் நழுவிப்போகும். மனைவி கூப்பிடுவதும் பேரப்பிள்ளை மழலை பேசுவதும் முதலில் மங்கும். செத்த அணு மனிதரில் திரும்ப முளைப்பதில்லை. காதுக் கருவி ஒலியைப் பெரிதாக்கிக் கொடுக்கும், இழந்த தெளிவை முழுவதும் திருப்பித் தராது.

இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? சைலன்சரை மாற்றிப் படபடவென்று ஓட்டுகிற புல்லட்டையே எல்லாரும் குற்றஞ்சாட்டுவார்கள். அது குற்றந்தான், மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்லியும், எங்கள் வாசலில் அப்படி ஓட்டுகிறவர்களைக் கண்டால் எங்களுக்கும் கோபம் வருகிறது. ஆனால் ஓட்டுகிறவருடைய காதுக்குப் பெரிய எதிரி எஞ்சின் அன்று, காற்று. மணிக்கு 65 கிலோமீட்டரைத் தாண்டினால், ஹெல்மெட்டின் விளிம்பிலும் தாடைக்குக் கீழும் மோதிச் சுழலுகிற காற்றின் சத்தம் எஞ்சின் சத்தத்தை மிஞ்சிவிடும். 1990-களில் பிரிட்டனில் ஹெல்மெட்டுக்குள்ளே ஒலிவாங்கி வைத்து அளந்து பார்த்தார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 90 டெசிபல். 160-இல் ஏறக்குறைய 110.

நம் பிள்ளைகள் 160-இல் போகிறதில்லையே என்று நீங்கள் ஆறுதலடையலாம். இங்கேதான் நம்முடைய ஊரைக் கவனிக்கவேண்டும். மேற்கே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் அந்த வழியாய் வருகிற காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலைப் பக்கமெல்லாம் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்று. பல்லடத்திலிருந்து சூலூர் வழியாய்க் கோவைக்கு ஒரு வாலிபன் 60-இல் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்காற்று மணிக்கு 30 என்றால், அவன் ஹெல்மெட்டில் மோதுவது 90 கிலோமீட்டர் காற்று. சத்தம் 97, 98 டெசிபலைத் தொடலாம். சாயங்காலம் திரும்பும்போது அதே காற்று முதுகுக்குப் பின்னே வருவதால் வண்டி சத்தமில்லாமல் போகிறதுபோல் தோன்றும். ஸ்பீடாமீட்டரோ இரண்டு வேளையும் ஒரே வேகத்தைத்தான் காட்டும்.

எவ்வளவு நேரம் தாங்கும்? அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார நிறுவனம் 85 டெசிபலுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்று எல்லை வைத்திருக்கிறது. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94-க்கு ஒரு மணி நேரம், 97-க்கு அரை மணி. பல்லடத்திலிருந்து கோவை 35 கிலோமீட்டர் சுமார்; ஒருவழிப் பிரயாணத்திலேயே அந்த நாளின் பங்கு தீர்ந்துபோகிறது. சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனில் ஒரு ஷிப்டு முழுவதும் நின்றுவிட்டு வண்டியேறுகிறவருக்கோ பங்கு என்று ஒன்றும் மீதியிருக்காது.

அப்படியானால் ஹெல்மெட்டைக் கழற்றிவிடலாமா என்று யாராவது கேட்டால், எலும்பு முறிவு வார்டுக்கு எங்களோடு ஒருநாள் வரச்சொல்லுங்கள். 2015 ஜூலை 1 முதல் சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவினால் நம் மாநிலத்தில் ஹெல்மெட் கட்டாயமாயிற்று. அதினால் தப்பின தலைகள் அநேகம். ஹெல்மெட் மண்டைக்குக் காவல். காதுக்குத் தனிக் காவல் வேண்டும்.

அதுதான் இயர் பிளக். மருந்துக்கடையிலும், தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கிற கடைகளிலும் கிடைக்கும், விலை சொற்பம். நுரைப்பஞ்சினால் ஆனதை விரல்களுக்கிடையே உருட்டி ஒல்லியாக்கி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாய் இழுத்து, உள்ளே நுழைத்து, அது விரிகிறவரை அரை நிமிஷம் விரலால் பிடித்திருக்கவேண்டும். பிற்பாடு ஹெல்மெட். வெறும் பஞ்சை அடைப்பதால் பிரயோஜனமில்லை. காதில் சீழ் வடிகிறவர்கள் வைத்தியரைக் கேளாமல் எதையும் வைக்கக்கூடாது.

பின்னால் வருகிற லாரியின் ஹார்ன் கேட்காதே என்று தாய்மார் பயப்படுவது நியாயம். வெயில் கண்ணாடி போட்டால் பாதை மறைந்துபோவதில்லை, கூச்சம் குறைகிறது. அதுபோலவே, காற்றிரைச்சலும் ஹார்னும் சேர்ந்து தணியும். வேகமாய்ப் போகையில் இரைச்சலுக்குள் அமிழ்ந்துபோகாமல் ஹார்ன் கேட்கும். டவுன்ஹால், உக்கடம் நெரிசலில் மெதுவாய்ப் போகிறவருக்கு இது தேவையில்லை. நீலாம்பூர் பைபாஸிலும் நெடுஞ்சாலையிலும் தேவை. ஹெல்மெட்டுக்குள் இயர்போனைச் செருகிப் பாட்டுக் கேட்பது வேறு காரியம். அங்கே 90 டெசிபல் காற்றை ஜெயிப்பதற்குப் பாட்டை அதற்குமேல் வைக்கவேண்டியிருக்கிறது. அதை எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் சம்மதிப்பதில்லை.

ஹெல்மெட் தலைக்குப் பொருந்தியிருக்கட்டும், கண்ணாடியை இறக்கிவிடுங்கள். கழுத்தைச் சுற்றி ஒரு துணியை இறுக்கமாய்க் கட்டினால் கீழிருந்து ஏறுகிற காற்று குறையும். அதின் முனை தொங்கவேண்டாம், சக்கரம் இழுத்துக்கொள்ளும்.

வண்டியை விட்டு இறங்கினபின் காதில் 'ஙொய்' என்ற இரைச்சலோ, பஞ்சடைத்ததுபோன்ற மந்தமோ இருந்தால் அதை அசட்டை செய்யாதிருங்கள். இராத்திரி தூங்கி எழுந்தபின்னும் அது நீடித்தால், நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றாமல், காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் வந்து செவித்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். வலியில்லாத சோதனை. ஒலி கேட்கும்போதெல்லாம் கையை உயர்த்தினால் போதும்.