எடைக்கல்லாக்கப்பட்ட போலந்து

 

வல்லரசுகள் தம்முள் வலிமை ஒத்து நின்றால் போர் மூளாது என்பது ஐரோப்பிய அரசறிஞர் நெடுங்காலம் ஓதிவந்த கொள்கை. வலுச்சமன் என்பர் அதனை. கேட்பதற்கு இனிய கொள்கைதான்! ஆனால் நிறைகோலின் தட்டுகளை ஒப்பச் செய்ய எடைக்கல் வேண்டுமே. அக்கல் எங்கிருந்து வந்தது? போலந்தின் வரலாறு விடை கூறும்.

1768-இல் தொடங்கிய போரில் உருசியா துருக்கியை அடுத்தடுத்து வென்றது. உருசியா அளவிறந்து பெருத்துவிடுமே என்று ஆத்திரியா அஞ்சியது. அவ்விரண்டும் மோதினால் தானும் போருக்குள் இழுபட நேருமென்று புருசியா அஞ்சியது. போலந்தில் மூவரும் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டால் மூவர் வலிமையும் ஒத்துவிடும் என்னும் வழியைப் புருசிய வேந்தன் இரண்டாம் பிரெடெரிக்கு வலியுறுத்தினான். 1772-இல் போலந்து தன் நிலத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை இழந்தது. வென்றது துருக்கியை, வெட்டியது போலந்தை!

போலந்தின் மேலும் குற்றமுண்டு. அதை மறைக்க வேண்டுவதில்லை. பேரவை உறுப்பினன் ஒருவனே 'ஒவ்வேன்' என்று கூறி எந்தச் சட்டத்தையும் தடுத்துவிடும் கேடான வழக்கம் அங்கு இருந்தது. அவ்வழக்கம் அழியாதபடி அண்டை அரசுகளே காத்துவந்தன என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். 1791 மே 3-இல் புதிய அரசியலமைப்பு அதனை ஒழித்தது. நோயாளி எழுந்து நின்றான். உடனே நிறைகோல் சாய்ந்துவிட்டதாம்! 1793-இல் உருசியாவும் புருசியாவும் மீண்டும் வெட்டின. 1794-இல் கொசியுசுக்கோ தலைமையில் எழுந்த கிளர்ச்சி நசுக்கப்பட்டது. 1795-இல் எஞ்சிய நிலமும் போயிற்று. போலந்து அரசு என்னும் பெயரே இனி வழங்கலாகாதென 1797-இல் மூவரும் மறைவாக உடன்பட்டனர். நிலத்தை விழுங்கியோர்க்குப் பெயர் தொண்டையில் சிக்கியது போலும்!

நெப்போலியன் வீழ்ந்தபின் 1814-15-இல் வியன்னாவில் கூடிய மாநாடு, எந்த அரசுக்கு எத்தனை 'உயிர்கள்' என்று எண்ணத் தனிக்குழுவே அமர்த்தியது. ஆட்டு மந்தையைப் பங்கிடுவோர் தலையெண்ணுவதும் இப்படித்தான். போலந்து மீண்டும் மூவர் கைகளிலேயே பங்குபட்டது.

மொழியை மட்டும் எவராலும் பங்கிட இயலவில்லை. 1901-இல் செருமானிய ஆட்சிக்குட்பட்ட விரெசுனியா ஊர்ப் பள்ளியில், சமயப் பாடத்தைச் செருமன் மொழியில் ஓத மறுத்த போலந்துப் பிள்ளைகள் பிரம்படி பட்டனர். எதிர்த்துக் குரலெழுப்பிய பெற்றோர் சிறை புகுந்தனர்.

பங்கிட்ட மூவரும் 1914-இல் எதிரெதிர் அணிகளில் நின்று மோதினர். நான்கே ஆண்டுகளில் மூன்று முடிகளும் மண்ணில் உருண்டன. 1918 நவம்பரில், 123 ஆண்டுகளுக்குப் பின், போலந்து மீண்டும் எழுந்தது. பிள்ளைகள் அடிபட்ட அதே மொழி அதன் அரசுமொழியாயிற்று.