இரண்டு உருவங்கள் ஒன்றாகும் இடம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய மேடையில் காமிராவுக்கு என்ன வேலை என்ற வினா எழலாம். சொல்லை எண்ணிச் செலவிடுகிறவர்கள் கூடிய அவை இது. ஒரு சுருளுக்கு எட்டே படங்கள் தரும் கருவியின் அருமை இங்கு எளிதில் விளங்கும்.

120 என்ற எண்ணால் அறியப்படும் ரோல் பிலிமைக் கோடக் நிறுவனம் 1901இல் வெளியிட்டது. தமிழகத்துக்கு இது அந்நியப் பொருளன்று. இந்தியாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் III காமிராவில் இதே சுருள் பன்னிரண்டு சதுரப் படங்களைத் தந்தது. 1960இல் உதகையில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம் தயாரித்தது. அந்த ஆலை பின்னர் மூடப்பட்டுவிட்டது. ஜப்பானிய ரேஞ்ச்ஃபைண்டர் காமிராக்களில் மாமியா 7 இச்சுருளில் பத்துப் படங்கள் எடுக்கும், ஃபூஜி ஜி.டபிள்யூ. 690 எட்டுப் படங்கள் எடுக்கும். ஃபூஜியின் நெகடிவ், 35 மி.மீ. நெகடிவைவிட ஐந்து மடங்குக்கும் மேல் பரப்புடையது. அதில் பாட்டரியும் இல்லை, ஒளிமானியும் இல்லை.

ரேஞ்ச்ஃபைண்டரின் இயக்கம் எளியது. சற்று விலகியுள்ள இரு சாளரங்கள் வழியே ஒரே காட்சி இரு உருவங்களாகக் கண்ணுக்கு வருகிறது. லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக, மங்கலான இரண்டாம் உருவம் நகர்ந்து முதல் உருவத்தோடு ஒன்றுகிறது. ஒன்றும் இடமே கூர்மையான இடம். ஆனால் இதற்கு ஒரு விளிம்பு வேண்டும். இராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களில் அது உடனே கிடைக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை முதல் நாள் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது இந்நிலையத்திலிருந்துதான். காசிமேட்டுப் படகுகளின் கம்பங்களிலும், எண்ணூரின் புகைபோக்கிகளிலும் விளிம்புக்குப் பஞ்சமில்லை.

கழிமுகத்தின் நீர்ப்பரப்பில்தான் கருவி திகைக்கிறது. கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் அந்த நீரில், பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களை எம். பழனி குமாரின் ஒளிப்படங்கள் வெளியுலகுக்குக் காட்டியுள்ளன. ரேஞ்ச்ஃபைண்டர் வைத்திருப்பவர் அங்கே விளிம்பு தேடினால் கிடைப்பது ஒரு முகம்தான், கண்ணோரச் சுருக்கம்தான். அதைக் காண அருகில் செல்ல வேண்டும். அருகில் சென்றவர், “அம்மா, எடுக்கலாமா?” என்று கேட்டாக வேண்டும். தொலைவிலிருந்து களவாக எடுக்கும் வசதியை இக்கருவி எளிதில் தருவதில்லை.

மற்றொன்று. கண் பார்க்கும் சாளரம் வேறு, படத்தை வாங்கும் லென்ஸ் வேறு. கருவி ஓரளவு திருத்தம் செய்தாலும், நெருங்க நெருங்கக் கண்ட காட்சிக்கும் கிடைக்கும் படத்துக்கும் இடையே சிறு வேறுபாடு எஞ்சுகிறது. கண்டதெல்லாம் தன் கைக்குள் வந்துவிட்டது என்று செருக்குறாதபடி கருவியே கலைஞரை எச்சரிக்கிறது.

ஒளியை அளப்பதிலும் எச்சரிக்கை தேவை. ஒளிமானிக்கு எல்லாமே நடுத்தரச் சாம்பல் நிறம். அனல்மின் நிலையச் சாம்பல் வெளுத்துக் கிடக்கும் மேட்டை அதை நம்பி எடுத்தால் வெண்மை மங்கிப்போகும். அங்கே சுவாசிப்பவரின் கண் கண்ட வெண்மையைப் பெற, மானி சொல்வதைவிடக் கூடுதல் ஒளி விட வேண்டும்.

எனினும் பெரிய ஆபத்து பெரிய நெகடிவிலேயே இருக்கிறது. புகையின் நூறு சாயல்களையும் அது அழகாக்கிவிடும். 1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் நிறுத்தப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி, அந்தி ஒளியில் கோயில் கோபுரம்போல் தோன்றலாம். படம் வெற்றி பெறும். அதன் நிழலில் வாழ்ந்தவரின் இருமல் படத்தில் இராது. துயரத்தின்மீது உவமை அடுக்கும் கவிதைக்கும் இதே ஆபத்து உண்டென்பதை இந்த அவை அறியும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் கழிமுகத்தில் பரவியது. மீனவர்கள் படகிலிருந்து வெறுங்கையாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளிய காட்சிகளைக் கைபேசிகள் உடனே உலகுக்குக் காட்டின. அந்த வேகம் பிலிமுக்கு இல்லை, இருக்கவும் வேண்டாம். செய்தியாளர்கள் திரும்பிய பிறகும் அலையாத்தி வேர்களில் கறை இருந்தது. வலைகள் பாழாகிக் கிடந்தன. எட்டுப் படங்களோடு செல்பவரின் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. சென்று, கேட்டு, எடுத்து, கழுவி, அச்சிட்டு, அந்த அச்சை உரியவர் கையில் கொடுக்க மறுபடியும் சென்றால்தான் அவ்வேலை முடிகிறது.

வடசென்னைக்கு நெடுங்காலமாக இரண்டு உருவங்கள் உண்டு. ஒன்று, புகையும் வன்முறையுமாக வெளியார் வரைந்தது. மற்றொன்று, திருவொற்றியூர்த் தேரும், பட்டினத்தார் அடங்கிய கடற்கரையும், அதிகாலை மீன் ஏலமுமாக அங்குள்ளோர் வாழ்வது. இரண்டும் விலகி நிற்கும்வரை படம் மங்கலாகவே இருக்கும். வளையத்தைத் திருக வேண்டிய பொறுப்பு காமிரா ஏந்தியவருக்கும் உண்டு. எழுதுகோல் ஏந்தியவருக்கும் உண்டு.