யாருக்கு, எந்த நேரத்தில்?



நல்ல பழைய படம் ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், யார் பார்க்கப் போகிறீர்கள், எந்த நேரத்தில் என்றுதான் நான் முதலில் கேட்பேன். தலைசிறந்த நூறு படங்கள் என்று வரும் பட்டியல்கள் இதைக் கேட்பதே இல்லை. புகழை மட்டும் நம்பிப் போட்ட படம் அரை மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. பார்த்தவர் பழைய படங்களையே ஒதுக்கிவிடுகிறார். பாவம், அந்தப் படம் என்ன செய்யும்?

சிங்கப்பூரில், தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் நம் தொழிலாளர் சகோதரர்களை எடுத்துக்கொள்வோம். ஆறு நாள் கட்டுமானத் தளத்தில் வெயிலில் நின்றவருக்கு என்ன படம் சொல்வது? கே. பாலசந்தரின் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ 1980இல் வந்த அருமையான படம். டெல்லியில் வேலை தேடி அலையும் தமிழ் இளைஞர்கள், சோறில்லாத வீட்டில் சாப்பிடுவதுபோல் நடிக்கும் காட்சியை மறக்க முடியாது. ஆனால் ஏஜெண்டுக்குக் கடன்பட்டு ஊரைவிட்டு வந்தவருக்கு அதை விடுமுறை நாளில் கொடுக்க எனக்கு மனம் வராது. வசதியாக உட்கார்ந்திருக்கும் நமக்குத்தான் அந்தப் படம் தேவை.

அவருக்கு நான் சொல்வது ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’. 1964இல் வந்தது, வண்ணப் படம். சினிமா எடுக்கத் துடிக்கும் நாகேஷ், தன் அப்பா பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி எல்லோருக்கும் தெரியும். அடுத்த முறை பார்க்கும்போது நாகேஷை விட்டுவிட்டுப் பாலையாவை மட்டும் பாருங்கள். கதவு கிறீச்சிடுவதும் காற்று வீசுவதும் நாகேஷின் வாயிலிருந்தே வருகின்றன. பயம் முழுவதும் பாலையாவின் முகத்தில் நடக்கிறது. எதிரில் இருப்பவர் நடிப்பதற்கு இடம் கொடுத்து, தானும் நடிப்பது எத்தனை பெரிய கலை! இந்தப் படத்தில் இன்னொரு வசதியும் உண்டு. நடுவில் ஊரிலிருந்து மனைவியோ அம்மாவோ கூப்பிட்டால் நிறுத்திப் பேசிவிட்டு வரலாம். விட்ட இடத்திலிருந்து சிரிப்பு அப்படியே தொடரும்.

பெரியவர்களோடு உட்கார்ந்து பார்ப்பதற்கு ‘நினைத்தாலே இனிக்கும்’. 1979ஆம் ஆண்டுப் படம்; இதுவும் பாலசந்தர்தான். கமல், ரஜினி, ஜெயப்பிரதா என்று ஒரு கூட்டமே சிங்கப்பூர் வந்து எடுத்தது. கதை மெலிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எம்.எஸ். விஸ்வநாதனின் இசை இல்லையென்றால் பாதிப் படம் நிற்காது. இருந்தாலும் நம் ஊரில் அதற்கு வேறு ஒரு மதிப்பு வந்துவிட்டது. சாங்கி விமான நிலையம் 1981இல்தான் திறந்தது, எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கியது 1987இல். இரண்டுக்கும் முந்திய சிங்கப்பூர் அந்தப் படத்தில் இருக்கிறது. தாத்தா பாட்டியோடு பார்க்கும் பிள்ளைகள் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தெரு வரும்போது நிறுத்துங்கள், அது எந்த இடம் என்று கேளுங்கள். படம் முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், ஆகட்டும். அதற்கு முந்திய ஆண்டு வந்த ‘ப்ரியா’வையும் இப்படிப் பார்க்கலாம். ஆனால் சுஜாதாவின் நாவலைப் படித்தவர்கள் அதை அந்த நேரத்துக்கு மறந்துவிடுவது நல்லது.

இனி, துப்பறியும் தொடர்களை இரவெல்லாம் பார்க்கும் இளையர்களுக்கு. ஏவி.எம். தயாரிப்பில், வீணை எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் வந்தது ‘அந்த நாள்’. பாட்டே இல்லாத படம் என்ற பெருமையை மட்டும் சொல்லிச் சொல்லி அதைக் குறுக்கிவிட்டோம். ஜப்பானியர் சென்னையில் குண்டு போட்ட 1943 அக்டோபரில் கதை நடக்கிறது. வானொலிப் பொறியாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். சிவாஜி அந்த வேடத்தில். வீட்டாரும் பக்கத்து வீட்டாரும் சொல்லச் சொல்ல, கொலையாளி என்று நாம் நினைக்கும் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார். முடிவைச் சொல்லமாட்டேன். ஆனால் அதே அக்டோபர் 21ஆம் தேதி, இங்கே கேத்தே அரங்கில்தான் நேதாஜி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்கும், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும், அந்தக் கொலைக்குக் காரணம் தெரிய வரும்போது மனம் ஒரு பக்கமாக நிற்காது. சென்னைப் பார்வையாளருக்கு இல்லாத ஒரு தடுமாற்றம் நமக்கு உண்டு. அதற்காகவே இந்தப் படத்தை இங்கே பார்க்க வேண்டும். பண்டரிபாயின் நடிப்பை நான் தனியாகப் புகழத் தேவையில்லை, நீங்களே சொல்வீர்கள்.

பாலஸ்டியர் பக்கம் போகிறவர்கள் ஜாலான் அம்பாஸ் என்ற பெயரைக் கவனித்திருக்கலாம். ஷா சகோதரர்களின் மலாய்ப் படப்பிடிப்புத் தளம் அங்கேதான் இருந்தது. அங்கே உருவான, மலாய் நடிகர் பி. ராம்லியைக் கதாநாயகனாக்கிய ‘பக்தி’யை 1950இல் இயக்கியவர் எல். கிருஷ்ணன், ஒரு தமிழர். மலாய் நண்பர்களோடு சேர்ந்து பார்க்க இதைவிடப் பொருத்தமான படம் வேண்டுமா?

கடைசியாக, நம் ஊர்ப் படம். எரிக் கூ இயக்கிய ‘மை மேஜிக்’ 2008இல் கான் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டிக்குச் சென்றது. அந்தப் போட்டிக்குச் சென்ற முதல் சிங்கப்பூர்ப் படம் அதுதான். பேசும் மொழி தமிழ். குடியில் விழுந்த ஒரு பழைய வித்தைக்காரர், தன் மகனுக்காகத் தன் உடம்பையே வருத்திக் காசு சம்பாதிக்கிறார். அந்த வேடத்தில் நடித்த போஸ்கோ ஃபிரான்சிஸ் உண்மையிலேயே வித்தைக்காரர். கண்ணாடி மெல்லுவதைப் பார்க்கும்போது நம் பல் கூசுகிறது. வந்தபோது விருதுப் படம் என்று மரியாதையோடு தள்ளி வைத்துவிட்டோம். பேசாத அப்பாவுக்கும் பேசாத மகனுக்கும் நடுவே உள்ள பாசத்தை இவ்வளவு நேராகக் காட்டிய படம் இங்கே குறைவு. குடியால் அடிபட்ட குடும்பம் என்றால், மனம் சோர்ந்திருக்கும் இரவில் இதைப் போடாதீர்கள். சின்னப் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். மற்றவர்கள், ஒன்றரை மணி நேரம்கூட ஓடாத இந்தப் படத்தைக் கைப்பேசியைத் தூர வைத்துவிட்டு ஒரே மூச்சில் பாருங்கள்.