சங்கத்தின் இணையத்தளமும் அது குடியிருக்கும் இடமும்



சங்கத்தின் பழைய ஆண்டு மலர்களைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றுவதெனச் செயற்குழு தீர்மானித்திருக்கிறது. அவற்றை எந்த நாட்டில், எந்த இயந்திரத்தில், என்ன விலைக்கு வைப்பது என்பதுபற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். இது பொருளாளருக்கு மட்டும் உரிய விஷயமென்று சிலர் எண்ணலாம். 1990இல் இக்கரையிலிருந்து வள்ளமேறி இராமேஸ்வரம் சென்ற குடும்பங்கள் பல. அவர்களின் பிள்ளைகளிற் சிலர் இன்று தமிழ்நாட்டிலும், சிலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்கிறார்கள். வீட்டோடு மலரையும் இழந்தவர்களுக்குத் தம் தகப்பனாரின் பெயர் அச்சான பக்கத்தைக் காண வேறு வழி ஏது? ஆகவே அத்தளம் எங்கிருந்து தட்டினாலும் திறக்க வேண்டும். எவனோ ஒருவன் விளையாட்டாக அடித்து வீழ்த்தவும் இடங்கொடுக்கலாகாது.

நாம் வாடகைக்கு எடுக்கப்போவது ‘வீ.பி.எஸ்.’ எனப்படும் மெய்நிகர் சேவர். பெரியதொரு வீட்டை அறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டுப் போட்டு வாடகைக்கு விடுவதைப் போன்றது அது. மாதம் ஐந்தாறு டொலருக்குள் சிறிய அறை கிடைக்கிறது. வாடகை டொலரில் என்பதை மறந்துவிடக் கூடாது. 2022இல் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவுக்கு மேல் ஏறியபோது, சேவர் மாறாமலே வாடகை மாறிற்று. சங்க மண்டபத்திலேயே ஓர் இயந்திரத்தை வைத்தாலென்ன என்று ஒரு பெரியவர் கேட்டார். அதே ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றதை அவர் மறந்திருக்க மாட்டார்.

இனி, வழியைப் பார்ப்போம். கண்ணாடி இழையினுள் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீற்றர் ஓடுகிறது. 1000 கிலோமீற்றர் போய்வரச் செக்கனின் நூறிலொரு பங்கு போதும். மன்னாரிலிருந்து சென்னை நேர்க்கோட்டில் 450 கிலோமீற்றர் அளவுதான். ஆனால் செய்தி காகம் பறப்பதுபோல் நேரே பறப்பதில்லை. 1914 முதல் 1964ஆம் ஆண்டுப் புயல் வரை தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடிற்று. அதற்கு முன்னரே தந்தியும் இவ்வழியாகச் சென்றது. இன்றைய கடலடிக் கேபிள்கள் கரையேறுவதோ கொழும்பிலும் கல்கிசையிலும் மாத்தறையிலும். 2006இல் கல்கிசைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ஒரு கேபிள் போடப்பட்டது உண்மை. எனினும் நமது செய்தி எந்தக் கேபிளில் ஏறும் என்பதைத் தூரமல்ல, கம்பனிகளுக்கிடையிலான ஒப்பந்தமே தீர்மானிக்கிறது. கொழும்பிலிருந்து சிங்கப்பூர் போய், அங்கிருந்து சென்னைக்குத் திரும்பி வரும் செய்திகளும் உண்டு. தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் இப்பயணம் ஐயாயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்டது! ஐரோப்பாவுக்கான பல கேபிள்கள் செங்கடலினூடே செல்கின்றன. கொழும்பையும் தொடும் சீ-மீ-வீ 4 கேபிள் 2025 செப்டெம்பரில் ஜித்தாவுக்கருகே பழுதுற்றது.

ஆகையால் விளம்பரத்தை நம்பி வாங்கற்க. பல கம்பனிகள் ஒவ்வொரு நகரிலும் ஒரு சோதனை முகவரி வைத்திருக்கின்றன. மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவோரும் உளர். சில சதங்களைச் செலவிட்டு ஒருநாள் எடுத்து, மன்னாரிலிருந்தும், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள உறவினர் மூலமும், ‘ட்ரேஸ்ரூட்’ கட்டளையால் வழியைப் பார்க்கலாம். இதை இரவு எட்டு மணிக்குப் பின் செய்ய வேண்டும். விடியற்காலையில் எல்லாத் தெருவும் வெறிச்சோடித்தான் இருக்கும்.

தாக்குதல் என்பது யாது? உலகெங்கும் களவாகக் கைப்பற்றிய ஆயிரக்கணக்கான கருவிகளை ஏவி, ஒரே நேரத்தில் நமது வாசலை அடைத்துவிடுவது. 2016 செப்டெம்பரில் பிரையன் கிரெப்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரின் தளத்தின்மேல் செக்கனுக்கு 620 கிகாபிற் அளவில் வெள்ளம் பாய்ந்தது. அவருக்கு இலவசமாகக் காவல் கொடுத்துவந்த அகமாய் கம்பனி, செலவு தாங்காமல் கைவிட்டது. பின்னர் கூகிளின் புரொஜெக்ட் ஷீல்ட் அடைக்கலம் கொடுத்தது. அத்தகைய பெயர்பெற்றவருக்கே அந்நிலை என்றால், ஐந்து டொலர் வாடிக்கையாளரான நமக்கு என்ன நேரும்? பல இடங்களில் நடப்பது இதுதான்: வெள்ளம் வந்ததும் கம்பனி நமது முகவரியையே துண்டித்துவிடும். மற்ற அறைகள் தப்பும். நம் அறை இருளும். இதையும் ‘பாதுகாப்பு’ என்றே விளம்பரத்தில் எழுதுகிறார்கள். பாதுகாப்பு யாருக்கு என்றுதான் நாம் கேட்க வேண்டும். தாக்குதல் நாளில் வெள்ளத்தை வடிகட்டி நல்ல பார்வையாளரை உள்ளே விடுவீர்களா, அன்றி எங்களைத் துண்டிப்பீர்களா? துண்டித்தால் எத்தனை மணி நேரம்? இதற்கு எழுத்தில் பதில் தராத கம்பனி மலிவானாலும் வேண்டாம்.

பிரான்சின் ஓ.வி.எச். போன்றவை வாடகையோடு வடிகட்டலையும் சேர்த்தே தருகின்றன. தளத்தின் முன்னே கிளவுட்ஃபிளேர் போன்ற காவலாளியை நிறுத்துவது இன்னொரு வழி. சிறு தளங்களுக்கு அது இலவசம். காவலாளி நமது பக்கங்களின் பிரதியையும் பல நகரங்களில் வைத்திருப்பதால், ரொறன்ரோ வாசகருக்கு அண்மையிலிருந்தே மலர் கிடைக்கும். மலர் மாறாப் பொருளாதலால், விரைவான வழிக்கென அதிகப் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. தேடுதலும் திருவிழா நேரடி ஒளிபரப்பும் வேறு கதை. ஆனால் சேவரின் உண்மையான ஐ.பி. இலக்கம் வெளியே தெரிந்தால், காவலாளியைத் தாண்டிப் பின்வாசலில் அடிப்பார்கள். அதே சேவரிலிருந்து மின்னஞ்சல் அனுப்பினாலே அவ்விலக்கம் வெளிப்பட்டுவிடக்கூடும். மின்னஞ்சலை வேறிடத்தில் வைத்தல் நலம்.

இன்னொன்று. 2021 மார்ச் 10இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் நான் இப்பொழுது புகழ்ந்த அதே ஓ.வி.எச். கட்டடமொன்று எரிந்தது, பிரதியையும் அங்கேயே வைத்திருந்தோர் இரண்டையும் இழந்தனர். 2023இல் நமது அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையும் மூன்று மாதத்திற்கு மேற்பட்ட கடிதங்களைப் பறிகொடுத்தது. எனவே ஒரு பிரதி வேறு கம்பனியிலும், ஒன்று செயலாளரின் அலுமாரியிலும் இருக்கட்டும்.

மும்பாயிலோ சிங்கப்பூரிலோ வடிகட்டலுள்ள சிறு சேவர் ஒன்றை முதல் மூன்று மாதத்திற்கு மாத வாடகையில் எடுக்கலாம் என்பது என் விண்ணப்பம். கணக்கு, சங்கத்தின் பெயரிலும் சங்கத்தின் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். பல்கலைக்கழகம் முடிந்து ஊர்விட்டுப் போகும் என்போன்றவர் பெயரில் வேண்டாம். இரவிலே எடுத்த வழிச் சோதனைகளை அடுத்த கூட்டத்தில் உங்கள்முன் வைப்பேன். வருட வாடகையை அப்பொழுது தீர்மானிக்கலாம்.