எதன் இரட்டிப்பு?
(அருவங்காட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்குள்ள கார்டைட் தொழிற்சாலையில் நூறாண்டுக்கு மேலாக வெடிமருந்து செய்கிறோம். மருந்தின் எடையில் இம்மியும் பிசகக் கூடாது. ஓவர்டைம் கணக்கு மட்டும் பிசகலாமா?

நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி தாண்டினால் இரட்டிப்புக் கூலி என்றது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். எதன் இரட்டிப்பு? அங்கேதான் வழக்கே! பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளில் வீட்டு வாடகைப்படியையும் போக்குவரத்துப்படியையும் கழித்துவிட்டுப் பெருக்கினார்கள். ஒரு பேச்சுக்குச் சொல்வோம்: படியோடு மணிக்கு 120 ரூபாய், படியில்லாமல் 100 ரூபாய் என்றால், ஒவ்வொரு ஓவர்டைம் மணிக்கும் 40 ரூபாய் போயிற்று.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைத் தொழிலாளர் சங்கம் வழக்காடியது. படிகளும் சேரும் என்று 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சர்க்கார் விடவில்லை, மேலே போயிற்று. உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2026 ஜனவரி ஆயிற்று. இதற்குள் எத்தனை பேர் பென்ஷனில் போய்விட்டார்கள்!

இதற்கிடையே 2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்துவிட்டன. இரட்டிப்பு அவற்றிலும் உண்டு. ஆனால் ‘ஊதியம்’ என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதும்போது வீட்டு வாடகைப்படியை வெளியே நிறுத்திவிட்டார்கள். கழிப்பவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால்தான் தாண்டியது உள்ளே வரும். கோர்ட்டில் ஜெயித்ததை விளக்கத்தில் பறிப்பதா?

எந்தத் தொகையை இரண்டால் பெருக்கினார்கள் என்பதைச் சம்பளச் சீட்டிலேயே அச்சிட வேண்டும் என்று கேட்கிறோம்.