பொதுத் திடலில் கணினி ஆராய்ச்சி
(உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புதிய நெல் இரகம் ஒன்று ஆராய்ச்சி நிலையத்தில் நல்ல மகசூல் தந்துவிட்டது என்பதற்காக அதை உடனே வெளியிடுவதில்லை. பலவகை மண்ணிலும் பலவகைப் பாசனத்திலும், உங்கள் வயல்களிலும் பயிரிட்டுப் பார்த்த பின்னரே பரிந்துரைக்கிறோம். கணினி வலையமைப்பு ஆராய்ச்சிக்கும் இதே தேவை உண்டு.

ஆய்வுக்கூடத்தில் ஒழுங்காக வேலை செய்யும் மென்பொருள், நாடுகளைக் கடந்து செல்லும் இணையத்தில் தடுமாறக்கூடும். எங்கே தாமதம், எங்கே நெரிசல் என்பது பல ஊர்களில் கணினி வைத்துச் சோதித்தால்தான் தெரியும். ஆனால், ஒரே பல்கலைக்கழகம் உலகெங்கும் கணினி வைக்க முடியுமா?

இதற்கு வழி செய்தது, 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய பிளானட்லேப் என்னும் கூட்டு ஏற்பாடு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் இதை நிர்வகித்து வந்தது. இதில் சேர்ந்த பல்கலைக்கழகம் குறைந்தது இரண்டு கணினிகளைத் தன் இடத்தில் நிறுவி, மின்சாரமும் இணையத் தொடர்பும் தர வேண்டியிருந்தது. அதற்கு ஈடாக, மற்ற நிறுவனங்களின் கணினிகளிலும் அதன் ஆராய்ச்சியாளர்களுக்குப் பங்கு கிடைத்தது. 2010 ஜூன் மாதத்தில் 507 இடங்களில் 1,090 கணினிகள் இதில் இருந்தன.

கூட்டுக் கிணற்றில் பங்குள்ளவர்களுக்கு அடுத்த கேள்வி தெரியும்: முறை தவறினால் என்ன செய்வது? இதற்கு மூன்று ஏற்பாடுகள் இருந்தன.

1. ஒருவர் வேலை மற்றவர் வேலையில் கலவாதபடி, ஒவ்வொரு கணினியும் தனித்தனிப் பங்காகப் பிரிக்கப்பட்டது.

2. எந்தப் பங்கிலிருந்து எங்கே தகவல் சென்றது என்பதற்குக் கணக்கு இருந்தது. வெளியார் புகார் செய்தால் பொறுப்பானவரைக் கண்டறிய முடிந்தது.

3. தன் இடத்துக் கணினி எவ்வளவு தகவல் அனுப்பலாம் என்று வரம்பு கட்டும் உரிமை, அந்தந்த நிறுவனத்திடமே இருந்தது.

ஆயினும் சிக்கல் இல்லாமல் இல்லை. ஆய்வுக் கட்டுரை அனுப்பும் கடைசி நாள் நெருங்கும்போது பலரும் ஒரே சமயத்தில் சோதனை நடத்த, கணினிகள் திணறின. நடவுக் காலத்தில் எல்லா வயலுக்கும் ஒரே நாளில் தண்ணீர் கேட்பது போன்றதுதான் இது. பங்கு பிரித்தால் மட்டும் போதாது, நெருக்கடிக் காலத்துக்கும் முறை வேண்டும்.

வாடகைக்குக் கிடைக்கும் கணினி வசதிகளும் புதிய பொதுத் திடல்களும் பெருகிய பின், 2020ஆம் ஆண்டு பிளானட்லேப் நிறுத்தப்பட்டது. ஆனால், தம் உடைமையை விட்டுக்கொடுக்காமலே தனித்தனி நிறுவனங்கள் ஒன்றுகூடிப் பயன்பெறலாம் என்பதை அது செய்து காட்டியது.

விசைத் தெளிப்பானோ கதிரடிக்கும் இயந்திரமோ கூட்டாக வாங்க எண்ணும் உழவர்கள், யார் எவ்வளவு போடுவது, யாருக்கு எப்போது முறை, கணக்கு யார் கையில் என்ற மூன்றையும் வாங்குவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.