திருவல்லிக்கேணியின் இரண்டு வீடுகள்



சென்னைத் திருவல்லிக்கேணியில் தமிழ் குடியிருந்த வீடுகள் இரண்டு. ஒன்று, துளசிங்கப் பெருமாள் கோவில் தெருவில் பாரதியார் மனைவி மக்களோடு இறுதிக் காலத்தில் வாழ்ந்த வாடகை வீடு. 1921 செப்டம்பரில் அவர் உயிர் பிரிந்ததும் அங்கேதான். தமிழக அரசு அதனைப் புதுப்பித்து, 1993இல் ‘பாரதியார் இல்லம்’ என்னும் நினைவகமாக்கியது. அவருடைய ஒளிப்படங்களையும் கையெழுத்தையும், அவர் நடமாடிய கூடத்திலேயே நின்று மக்கள் காண்கின்றனர்.

மற்றொன்று, உ.வே. சாமிநாதையரின் ‘தியாகராச விலாசம்’. கும்பகோணம் கல்லூரிப் பணி தமக்குக் கிடைக்கத் துணைநின்ற தியாகராச செட்டியாரின் பெயரையே ஐயர் தம் வீட்டிற்குச் சூட்டினார். பரிபாடலும் (1918) குறுந்தொகையும் (1937) அவர் அங்கு வாழ்ந்த காலத்தில் பதிப்பித்தவை. அவ்வீடு 2012இல் இடிக்கப்பட்டது. அவர் தேடித் தொகுத்த சுவடிகளுக்கு, 1943இல் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையம் காவலாயிற்று. அவர் வாழ்ந்த வீட்டிற்கோ காவல் வாய்க்கவில்லை.

வாடகை வீடு நிற்கிறது. சொந்த வீடு மறைந்தது. வீட்டைக் காப்பது உரிமைப் பத்திரம் அன்று, ஊராரின் உறுதியே. சான்றோர் வாழ்ந்த வீடுகள் பல ஊர்களில் உண்டு. திண்ணையும் தூணும் நிற்கும்போதே அவற்றைக் கேட்டுப் பெறுதல் இலக்கிய வட்டங்களின் கடமையாகும். இடிந்தபின் நடும் கல், வீடிருந்த இடத்தைக் காட்டுமேயன்றி வீட்டைக் காட்டாது.